நாய்க்கு இட்ட சோறும் சொன்ன சொல்லும்

சென்ற கோடையில் நம் குடியிருப்பில் நிகழ்ந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். பகல் முழுவதும் படிக்கட்டின் கீழ்ச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நாய் ஒன்று, பந்தெடுக்கச் சென்ற சிறுவனின் கையைக் கவ்விவிட்டது. காயத்தை உடனே சோப்பிட்டு நெடுநேரம் கழுவினார்கள். தடுப்பூசிகளும் முறைப்படி போடப்பட்டன. சிறுவன் இன்று நலமாக இருக்கிறான். ஆனால் அன்று மாலை கூடிய கூட்டத்தில் இருவகைப் பேச்சுகள் எழுந்தன. "இனி இங்கு எவரும் நாய் வளர்க்கலாகாது" என்றனர் சிலர். "நாய் என்றால் கடிக்கத்தான் செய்யும்; குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார் நாய்க்கு உரியவர். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆயினும் மறுத்துரைக்க அன்று என்னிடம் அறிவும் இல்லை, துணிவும் இல்லை. அதன்பின் இரவு நேரங்களில் படித்தறிந்தவற்றையே, சங்கத்தின் செயலாளர் அவர்கள் அளித்த இவ்வாய்ப்பில் உங்கள்முன் வைக்கிறேன். யான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

மனிதன் ஆட்டையும் மாட்டையும் பழக்குவதற்கு முன்பே நாயைப் பழக்கிவிட்டான். உழவுத் தொழிலும் நிலையான ஊரும் தோன்றாத காலத்தில், ஓநாயின் வழிவந்த ஓர் உயிர் அவனது நெருப்பின் ஓரமாக வந்து படுத்தது. இவ்வுறவின் தொன்மைக்குச் சான்றாக ஜெர்மனியில் பான் நகருக்கு அருகிலுள்ள ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு கல்லறை கிடைத்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் ஆடவன், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. அக்குட்டியின் பற்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட செய்தி நெஞ்சைத் தொடுவதாகும். ஏழு மாத அளவில் இறந்த அக்குட்டி, அதற்கு முன் 'டிஸ்டெம்பர்' என்னும் கொடிய நோயால் பல வாரங்கள் துன்புற்றிருக்கிறது. அந்நிலையில் அது தானே இரை தேடியிருக்க முடியாது. எவரோ அதற்கு நீர் புகட்டியும், உணவூட்டியும், உடலைத் துடைத்தும் காத்திருக்கவேண்டும் என்பது ஆராய்ந்தோர் முடிவு. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோய்க்குட்டிக்கு அவர்கள் செய்த பணிவிடை அது.

நம் நாட்டுப் பழங்கதைகளும் இதையே வேறு வகையில் கூறுகின்றன. மகாபாரதத்தின் தொடக்கத்தில் சனமேசயனின் வேள்விச்சாலையில் ஒரு நாய்க்குட்டி அடிபடுகிறது. அது அவிப்பொருளைத் தீண்டவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. குட்டியின் தாயாகிய சரமை வந்து, "என் மகன் செய்த குற்றம் யாது?" என்று கேட்கிறாள். அரசனும் அவன் தம்பியரும் விடை கூற இயலாது நிற்கின்றனர். அதே நூலின் இறுதியில், உடன்வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புகமாட்டேன் என்று தருமர் மறுத்து நிற்கிறார். நாயை அடித்த குற்றம் தொடக்கத்திலும், நாயைக் கைவிடாத அறம் முடிவிலுமாக அப்பெருநூல் அமைந்திருப்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கதை இருக்கட்டும், கல்லும் சான்று கூறுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கால்நடைகளைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர்; அது இரு கள்வரைக் கடித்துக் காத்தது என்று கல்வெட்டுக் கூறுகிறது. கருநாடகத்தில் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கல் இன்னும் வியப்புக்குரியது. 949இல் நம் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் பெரும்போர் நடந்தது. சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே அதில் உயிர் துறந்தான். இராட்டிரகூடர் பக்கத்து வீரன் மணலேரனின் ஆற்றலை மெச்சிய மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். அவன் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாய்! பின்னர் அந்நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானும் ஒருங்கே மடிந்தபோது, அதற்குக் கல் நட்டு வழிபாட்டுக்கு நிலமும் விட்டனர். அரக்கோணம் - செங்கற்பட்டுப் பாதையில் தக்கோலம் நிலையத்தைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

இனி, அக்காலத்தார் நாய்க்கு என்ன உணவிட்டனர், எவ்வாறு பழக்கினர் என்பதைக் காண்போம். உரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பவர் வேளாண்மை நூல் ஒன்று எழுதினார். பண்ணை நாய்க்கு வாற்கோதுமை மாவைப் பாலின் தெளிநீரில் கலந்து கொடுக்கலாம். கோதுமை ரொட்டியை அவரைப் பருப்பு வேகவைத்த நீரில் நனைத்துக் கொடுக்கலாம். ஆனால் சூட்டோடு கொடுக்கலாகாது என்கிறார். பெயர் நீளமாக இருத்தல் ஆகாது, அழைத்தவுடன் நாய் ஓடிவருவதற்கு இரண்டு அசையே ஏற்றது என்றும் கூறுகிறார். ஈராயிரம் ஆண்டு கடந்தும் இக்குறிப்பு பழுதாகவில்லை.

தானிய உணவு நாய்க்கு ஏற்குமா என்று ஐயுறுவோர் உளர். 2013இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாக்கியது. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் பல மடங்கு மிகுந்து காணப்பட்டது. மனிதனின் களத்து மேட்டில் வாழ்ந்து, அவன் உண்ட மிச்சிலை உண்டு, நாயின் உடலே மாறிவிட்டது என்பது இதன் பொருள். ஆகவே சோறு நாய்க்குப் பகையன்று. ஆயின் சோறு மட்டுமே போதும் என்பதும் தவறு. அதன் உடல் இன்றும் புரதத்தையும் கொழுப்பையும் வேண்டிநிற்கிறது.

கடையில் விற்கும் நாயுணவின் வரலாறும் கேட்கத்தக்கது. அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து தொழில் நிமித்தம் இங்கிலாந்து சென்ற ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர், கப்பல்துறையில் மாலுமிகள் எறிந்த கெட்டி பிஸ்கோத்துகளை நாய்கள் ஆவலோடு தின்பதைக் கண்டாராம். 1860ஆம் ஆண்டுகளில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்ட நாய் பிஸ்கோத்தை அவர் இலண்டனில் விற்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய பெருந்தொழில். இன்று பொட்டலத்தில் அச்சிட்ட படத்தைக் கண்டு மயங்குகிறோமேயன்றி, அதன் பின்புறத்தில் எழுதியுள்ள அளவைப் படிப்பவர் குறைவு.

பயிற்சியின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்ததும் உணவே. உருசிய நாட்டு அறிஞர் இவான் பாவ்லவ், நாயின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வைக்குமுன்னரே, அதைக் கொண்டுவரும் பணியாளரின் காலடியோசைக்கே நாயின் வாயில் நீர் ஊறுவதை அவர் கூடத்தில் கண்டனர். ஓசையும் உணவும் அடுத்தடுத்து வரின், ஓசையே உணவின் அறிவிப்பாகிவிடுகிறது. நம் நிலையத்து நடைமேடையிலும் இதைக் காணலாம். எத்தனையோ வண்டிகள் வந்து போகும்போதெல்லாம் உறங்கும் நாய்கள், சமையல் பெட்டி இணைந்த ஒரு வண்டிக்கு மட்டும் மணியோசையோடு எழுந்து, அப்பெட்டி நிற்கும் இடத்திலேயே சென்று காத்திருக்கும். அவற்றுக்குக் கால அட்டவணை கற்பித்தவர் யார்? உணவே ஆசிரியன்.

இதற்குப் பின்னரும் நெடுங்காலம் வன்முறையே பயிற்சி எனப்பட்டது. 1910இல் ஜெர்மனியில் வெளிவந்த கான்ராட் மோஸ்ட் என்பாரின் புகழ்பெற்ற பயிற்சி நூலும் கழுத்துப்பட்டையை வெட்டியிழுப்பதை ஒரு முறையாகவே கொண்டது. பின்னர், செய்த நற்செயலுக்கு அந்நொடியே பரிசளித்தால் விலங்கு அதை மீண்டும் செய்யும் என்பது ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டு ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல் மற்றோர் உண்மையையும் நிலைநாட்டியது. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே, மனிதரையும் ஓசைகளையும் அஞ்சாது பழகிக்கொள்ளும் பருவம். அப்பருவத்தில் குழந்தைகளைக் காணாது கட்டுண்டு கிடந்த நாய், பின்னாளில் பந்தெடுக்க ஓடிவரும் சிறுவனைப் பகைவன் என்று எண்ணுவதில் வியப்பென்ன?

நம் நாட்டிலும் இதற்கெனச் சிறந்த நிலையங்கள் உண்டு. 1960இல் மீரட்டில் தரைப்படையின் நாய்ப் பயிற்சிப் பள்ளியும், 1970இல் குவாலியர் அருகே தேக்கன்பூரில் எல்லைக் காவற்படையின் பயிற்சி நிலையமும் தோன்றின. அயல்நாட்டு நாய்களே பெரிதும் பழக்கப்பட்ட இடத்தில், இப்போது முதோல், ராம்பூர் முதலிய நம் நாட்டு இனங்களும் பணிக்கு வந்துள்ளன. நம் இராசபாளையம் நாயும் இவ்விரண்டோடு 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. பெருமைதான். ஆனால் அஞ்சல்தலையில் உள்ள நாய்க்கு ஊசியும் உணவும் வேண்டா. வீட்டிலுள்ள நாய்க்கு வேண்டும்.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் அழுது கேட்டதால் ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "வெளியே போகாத குட்டிக்கு ஊசி எதற்கு?" என்று தள்ளிப் போட்டேன். கால்நடை மருத்துவமனை மிதிவண்டியில் கால்மணி நேரத் தொலைவுதான். மூன்றாம் மாதத்தில் அதற்குக் காய்ச்சல் கண்டது. கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்தது. பின்னர் வலிப்பு வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு 'டிஸ்டெம்பர்' என்றார். ஒன்பதாம் நாள் அது இறந்தது. ஓபர்காசல் கல்லறையைப் பற்றிப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. 14,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களிடம் மருந்து இல்லை. இருந்ததையெல்லாம் அதே நோய்க்குச் செய்தார்கள். எனக்கு மருந்து கால்மணி நேரத் தொலைவில் இருந்தது.

ஆகையால், அனுபவத்தாலும் படிப்பாலும் நான் அறிந்த சிலவற்றை நம் குடும்பங்களுக்குக் கூறி முடிக்கிறேன்.

குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு முறையும், வளர்ந்த நாய்க்கு இருமுறையும், குறித்த நேரத்தில் உணவு வைக்கவேண்டும். சோற்றோடு வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, பூசணி, கேரட் இவற்றைச் சேர்க்கலாம். புலால் புகாத வீட்டில் முட்டை, தயிர், பருப்பு ஆகியவற்றைக் கொண்டு, அளவை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுச் சாம்பார்ச் சோற்றை அன்பால் வைப்பதுண்டு. அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சு. வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

பயிற்சியில் முதல் விதி, ஒரு செயலுக்கு ஒரே சொல். நம் வீடுகளில் பாட்டியார் "உட்கார்" என்பார். பேரன் "சிட்" என்பான். அண்டை வீட்டார் "பைட்டோ" என்பார். மும்மொழிக்கும் இடையே நாய் திகைத்து நிற்க, அதற்கு அறிவில்லை என்கிறோம்! வீட்டார் கூடி ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். நாய் உட்கார்ந்தவுடன், தாமதமின்றி ஒரு சிறு துண்டு உணவும் ஒரு நல்ல சொல்லும் கொடுங்கள். ஒருமுறைக்கு ஐந்து நிமிடப் பழக்கம் போதும். அடிக்காதீர்கள், அடி, கையைக் கண்டு அஞ்சவே கற்பிக்கிறது. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது என்று குழந்தைகளுக்கும் கற்பியுங்கள். பகல் முழுவதும் சங்கிலியில் கட்டாதீர்கள். காலையும் மாலையும் உலாவ அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்தை லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தி அவனைக் காத்தார். 1900இல் கசௌலியிலும் 1907இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் நிலையங்கள் எழுந்தன. அவர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாளே இந்நோய்த் தடுப்புக்குரிய உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டுதோறும் அந்நாளில் கால்நடை மருத்துவரை அழைத்து, நம் குடியிருப்பில் வளரும் நாய்களுக்கும் தெருவில் திரியும் நாய்களுக்கும் ஊசி போடச் சங்கம் ஏற்பாடு செய்யவேண்டும். முதல் ஆண்டுச் செலவில் என் பங்காக ஐந்நூறு ரூபாயை இன்றே தந்துவிடுகிறேன்.

கடித்த நாய் இன்னும் அதே படிக்கட்டின் கீழ்க் கட்டுண்டு கிடக்கிறது. சிறுவன் அவ்வழியே செல்வதில்லை. கடைக்குப் போவதற்கும் சுற்றுவழியில் போகிறான். இருவர் அச்சத்துக்கும் காரணர் நாமே. "என் மகன் செய்த குற்றம் யாது?" என்று சரமை கேட்ட கேள்விக்கு அரசர்கள் விடை கூறவில்லை, நாமாவது கூறுவோமாக.