கலிபோர்னியாவில் இலவச உயர்கல்வியின் தேய்வும் மாணவர் கடனும்

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த 1868ஆம் ஆண்டுச் சட்டம், வருவாய் இடந்தந்ததும் மாநிலவாசிகளுக்குப் போதனை இலவசமாதல் வேண்டுமென விதித்தது. 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டமும் இக்கொள்கையை மீள வலியுறுத்திற்று. எனினும், ரொனால்ட் றேகன் மாநில ஆளுநராயிருந்த 1970இல், 'கல்விசார் கட்டணம்' என்ற பெயரில் 150 டொலர் விதிக்கப்பட்டது. 'போதனைக் கட்டணம்' என்னும் சொல் தவிர்க்கப்பட்டமை கவனத்திற்குரியது. கொள்கை கைவிடப்பட்டதை அப்பெயர் மறைத்தது. 2010இலேயே பல்கலைக்கழக ஆட்சிக்குழு அச்சொல்லை வெளிப்படையாக ஏற்றது.

இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் கட்டணம் பன்மடங்காயிற்று. 1965ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஏற்படுத்திய உத்தரவாதக் கடனை மாணவர் நாடலாயினர். 1955இல் தோன்றிய மாநிலப் புலமைப்பரிசிலின் வழிவந்த உதவித்தொகை இன்றும் வறிய மாணவர் பலரின் கட்டணத்தை ஈடுசெய்கின்றது. ஆயினும் உணவுக்கும் உறையுளுக்கும் அவர்கள் கடன்படுகின்றனர். ஆகவே, மாணவர் கடனைத் தனிமனித ஊதாரித்தனமாகக் காண்பது வரலாற்றுக்கு முரணானது. பொதுச் செலவு தனியார் சுமையாக மாற்றப்பட்டமையின் பதிவே அது.