மரபுவழிக் கணக்கீட்டு நெடுவரிசை

மரபுவழிக் கணக்கீட்டு நெடுவரிசை என்பது தரவுத்தளத்தில் தாய் அட்டவணையிலிருந்து சேய் அட்டவணைக்கு வாய்பாட்டுடன் வந்து சேரும் நெடுவரிசை ஆகும். விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கிப் பெறும் மொத்தத் தொகை இதற்கு எடுத்துக்காட்டு. இதன் மதிப்பைப் பயனர் உள்ளிட முடியாது. தரவுத்தளமே அதைக் கணக்கிடும். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் கணக்கீட்டு நெடுவரிசைகள் 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அறிமுகமாயின.

மீட்டெடுப்புப் பிழை

போஸ்ட்கிரெசின் காப்புநகல் கருவியான பிஜி டம்ப், தொடக்கத்தில் இவ்வாய்பாட்டைச் சாதாரண இயல்பு மதிப்பைப் போலவே கையாண்டது. ஆகவே சேய் அட்டவணைக்கு இயல்பு மதிப்பை அமைக்கும் கட்டளை ஒன்றும் காப்புநகலில் எழுதப்பட்டது. கணக்கீட்டு நெடுவரிசைக்கு அவ்வாறு அமைக்க இயலாது. நகல் எடுக்கும்போது பிழை எதுவும் தோன்றாது. மீட்கும்போதுதான், அதாவது மூலத் தரவு ஒருவேளை அழிந்துபோன பின்னர்தான், அக்கட்டளை மறுக்கப்படும்.

வாய்பாடு தாய் அட்டவணையிலிருந்து முன்னரே வந்துவிடுவதால் அக்கட்டளை தேவையற்றதும் கூட. பிழையைத் தாண்டி மீட்டெடுப்பு தொடருமானால் இதனால் தரவு இழப்பு நேராது. ஆனால் முழு மீட்டெடுப்பும் ஒரே பரிவர்த்தனையாக இயக்கப்பட்டிருந்தால், இந்த ஒரு வரியால் அனைத்தும் கைவிடப்படும். இவ்வழு 2021இல் களையப்பட்டது. அதற்கு முந்தைய கருவியால் எடுத்த நகல் உரைவடிவில் இருப்பின், அவ்வரியை நீக்கிவிட்டு மீட்கலாம். நெடுவரிசையின் மதிப்புகள் நகலில் இடம்பெறுவதில்லை. மீட்கும்போது அவை புதிதாகக் கணக்கிடப்படுகின்றன.