தொடக்க நிரல்கள் (கணினி)

தொடக்க நிரல்கள் என்பவை, கணினி தொடங்கும்போதோ பயனர் புகுபதிகை செய்யும்போதோ எவரும் சொடுக்காமலேயே தாமாக இயங்கத் தொடங்கும் நிரல்கள் ஆகும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள், அச்சுப்பொறி மென்பொருள், அரட்டை மென்பொருள், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் மென்பொருள் போன்றவை பொதுவாக இவ்வாறு இயங்குகின்றன. இவற்றின் எண்ணிக்கை கூடினால் கணினி மெதுவாகத் தொடங்கும் என்பது பலரும் அறிந்ததே. தீநிரல்களும் ஒவ்வொரு மறுதொடக்கத்திற்குப் பின்னும் மீண்டும் இயங்க இதே வழிகளையே பயன்படுத்துகின்றன என்பது அதைவிட முக்கியமானது. இக்கட்டுரை பெரும்பாலும் மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தைப் பற்றியது.

குறுவட்டையோ யூ.எஸ்.பி. நினைவகத்தையோ செருகியவுடன் நிரல் இயங்கும் ஆட்டோரன் வசதி இதிலிருந்து வேறானது.

வரலாறு

எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் ஆட்டோஎக்செக்.பேட் என்னும் உரைக்கோப்பு இப்பணியைச் செய்தது. அதில் எழுதப்பட்ட கட்டளைகள் கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் வரிசையாக நிறைவேற்றப்பட்டன. அக்காலத்தில் சிக்கல் நேரத்தைப் பற்றியதல்ல, நினைவகத்தைப் பற்றியது. சாதாரண நிரல்களுக்குக் கிடைத்த 640 கிலோபைட்டில், தொடக்கத்திலேயே வந்து தங்கிவிடும் ஒவ்வொரு சிறு நிரலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. பெரிய விளையாட்டு ஒன்றை ஆடுவதற்காகவே தனியாகத் தொடக்க நெகிழ்வட்டு தயாரித்து வைத்திருந்தவர்கள் பலர். 1993இல் வெளியான எம்எஸ்-டாஸ் 6.0, எஃப்5 விசையை அழுத்தித் தொடக்கக் கோப்புகளை முற்றிலும் தவிர்க்க வழி செய்தது.

விண்டோஸ் 3.1 பதிப்பில் (1992) ஸ்டார்ட்அப் என்ற நிரல் குழு இருந்தது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இதனைத் தொடக்கப் பட்டியலின் ஒரு கோப்புறையாக மாற்றியது. கூடவே, ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டில் தொடக்க நிரல்களுக்கென்று தனி இடங்களை ஒதுக்கியது. பயனர் கண்ணுக்குத் தெரியும் ஓரிடம், தெரியாத பல இடங்கள் என்ற பிரிவு இங்கிருந்துதான் வலுப்பெற்றது எனலாம்.

தொடக்க இடங்கள்

ஸ்டார்ட்அப் கோப்புறை மிக எளியது. இதில் ஒரு நிரலின் குறுக்குவழியை இட்டால் அந்நிரல் புகுபதிகையின்போது இயங்கும், நீக்கினால் நின்றுவிடும். ஒவ்வொரு பயனருக்கும் ஒன்று, அனைவருக்கும் பொதுவாக ஒன்று என இரு கோப்புறைகள் உண்டு.

பெரும்பாலான மென்பொருள்கள் பதிவேட்டின் ரன் என்னும் திறவையே பயன்படுத்துகின்றன. இதுவும் பயனருக்கு ஒன்று, கணினி முழுமைக்கும் ஒன்று என இரண்டாக உள்ளது. இதன் அருகிலுள்ள ரன்ஒன்ஸ் திறவில் எழுதப்படுவது ஒரு முறை மட்டுமே இயங்கும். நிறுவலின் எஞ்சிய வேலையை மறுதொடக்கத்திற்குப் பின் முடிக்க இது உதவுகிறது. இங்குள்ள பதிவு, கட்டளை இயங்குவதற்கு முன்பே அழிக்கப்படும். பெயரின் முன் வியப்புக்குறி இட்டிருந்தால் மட்டும் இயங்கிய பின் அழிக்கப்படும். இயல்பாக, பாதுகாப்புப் பயன்முறையில் இவ்விரு திறவுகளும் புறக்கணிக்கப்படுகின்றன. பழுதடைந்த கணினியை அப்பயன்முறையில் தொடங்கிப் பார்க்கும்படி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை தவிர, புகுபதிகைக்கு முன்பே இயங்கவல்ல சேவைகளும், குறித்த நிகழ்வின்போது இயங்கும் திட்டமிட்ட பணிகளும் உள்ளன. சாதாரணத் தொடக்கப் பட்டியல்களில் இவை தென்படா.

வேகத்தின் விலை

ஒரு மென்பொருள் ஏன் தன்னைத் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்கிறது? சிலவற்றிற்கு உண்மையான தேவை உண்டு. நச்சுநிரல் தடுப்பு அவற்றுள் ஒன்று. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் பின்னணியில் இயங்கினால்தான் விசைகள் தமிழெழுத்தாக மாறும். வேறு சில, தமது புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பார்ப்பதற்காக மட்டுமே இயங்குகின்றன.

மூன்றாவது வகை சுவையானது. 2000களில் ஓப்பன்ஆபிஸ் தொகுப்பின் குவிக்ஸ்டார்ட்டர், அடோபி ரீடரின் ஸ்பீட் லாஞ்சர் போன்றவை, தம் முதன்மை மென்பொருளின் கோப்புகளை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைத்தன. பின்னர் அம்மென்பொருளைத் திறக்கும்போது அது விரைவாகத் திறந்தது. செலவான நேரம் மறையவில்லை, கணினி தொடங்கும் நேரத்திற்கு மாற்றப்பட்டது. அன்று முழுதும் ஒரு பீடிஎஃப் கோப்பையும் திறக்காத பயனரும் அந்த நேரத்தைச் செலுத்தினார்.

வன்தட்டில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. வட்டின் படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர வேண்டியிருப்பதால், வன்தட்டால் நொடிக்கு நூறு அளவிலேயே சிதறிய இடங்களைப் படிக்க இயலும். பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் கோப்புகளைக் கேட்டால் முனை அலைந்துகொண்டே இருக்கும். நகரும் பாகங்களற்ற எஸ்.எஸ்.டி. வட்டுகள் இச்சிக்கலைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆயினும் நினைவகமும் மின்கலமும் இன்றும் செலவாகின்றன.

தீநிரல்கள்

நினைவகத்தில் உள்ள நிரல் மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். ஆகவே நீடித்து வாழ விரும்பும் தீநிரல் ஏதேனும் ஒரு தொடக்க இடத்தில் தன் பெயரை எழுதியாக வேண்டும். ஆகத்து 2003இல் பரவிய பிளாஸ்டர் புழு, ரன் திறவில் "விண்டோஸ் ஆட்டோ அப்டேட்" என்ற பெயரில் தன்னைப் பதிந்துகொண்டது. பட்டியலைப் பார்த்தவர்கள்கூட அதனை இயங்குதளத்தின் இற்றைப்படுத்தல் வசதி என்று எண்ணியிருக்கக்கூடும். அது சுட்டிய கோப்பின் பெயரோ எம்எஸ்பிளாஸ்ட். இப்பதிவை நீக்குவது மட்டும் போதுமானதாக இல்லை. அப்புழு நுழைந்த பாதுகாப்பு ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் சூலை மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளில் புழு இணையத்தின் வழியாக மீண்டும் நுழைந்தது.

சனவரி 2004இல் மின்னஞ்சல் வழியே பரவிய மைடூம், டாஸ்க்மான் என்ற பெயரைத் தேர்ந்தது. அப்பெயரில் உண்மையான கோப்பு ஒன்று விண்டோஸ் 98இல் இருந்தது. உண்மையானது விண்டோஸ் கோப்புறையிலும் புழு அதனுள் உள்ள சிஸ்டம் கோப்புறையிலும் இருந்தன. பெயரை இணையத்தில் தேடி "இது நல்ல கோப்பு" என்ற விடையைப் பெற்றவர் ஏமாந்திருப்பார். எனவே ஐயத்திற்குரிய ஒரு பதிவில் பெயரைவிடக் கோப்பு இருக்கும் முழுப் பாதையையும், அதன் எண்முறைக் கையொப்பத்தையும் பார்ப்பதே சரியான முறை.

கட்டுப்படுத்தும் கருவிகள்

விண்டோஸ் 98 முதல் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவி உள்ளது. விண்டோஸ் 2000இல் மட்டும் இது விடுபட்டது. இது பதிவை அழிக்காமல் நிறுத்தி வைத்தது, தேர்வுக்குறியை மீண்டும் இட்டால் நிரல் பழையபடி இயங்கும். பதிவேட்டில் நேரடியாகக் கைவைத்து அழிப்பதைவிட இது மிகவும் பாதுகாப்பானது.

2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 இவ்வசதியை டாஸ்க் மேனேஜருக்கு மாற்றியது. ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே அதன் தொடக்கத் தாக்கமும் காட்டப்படுகிறது. தொடக்கத்தில் 1 நொடிக்கு மேல் மையச் செயலகத்தையோ 3 மெகாபைட்டுக்கு மேல் வட்டையோ பயன்படுத்தினால் "உயர்" என்று குறிக்கப்படும். 3 மெகாபைட் என்பது சிறிய அளவு. ஆதலால் இக்குறியைக் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. அந்நிரல் பின்னர் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்துவைக்கிறது என்பதை இவ்வளவீடு சொல்வதுமில்லை. 2018 ஏப்ரல் இற்றைப்படுத்தலுக்குப் பின் விண்டோஸ் 10இன் அமைப்புகள் பகுதியிலும் இப்பட்டியல் இடம்பெற்றது.

முழுமையான பட்டியல் வேண்டுவோர் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்சுவெல் ஆகியோர் இதனை உருவாக்கினர். அவர்களது சிஸ்இன்டர்னல்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2006இல் வாங்கியது. சேவைகள், திட்டமிட்ட பணிகள், உலாவி நீட்சிகள் என அனைத்தையும் இக்கருவி காட்டும். முதன்முறை திறப்பவர் பட்டியலின் நீளத்தைக் கண்டு திகைப்பது இயல்பு. மைக்ரோசாப்ட் கையொப்பமிட்ட பதிவுகளை மறைக்கும் தெரிவைத் தேர்ந்தால் படிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பதிவை மட்டும் நிறுத்தி, மறுதொடக்கம் செய்து பார்ப்பது நல்லது. பலவற்றை ஒன்றாக நிறுத்தினால் ஏதேனும் கெடும்போது காரணம் எது என்று தெரியாது. மடிக்கணினியின் தொடுதளம், ஒலி ஆகியவற்றுக்கான நிரல்களை நிறுத்தினால் சில சிறப்பு விசைகள் வேலை செய்யாமல் போகலாம். நிறுத்திய மென்பொருள் இற்றைப்படுத்தலுக்குப் பின் மீண்டும் பட்டியலில் தோன்றினால், அதன் சொந்த அமைப்புகளிலேயே தானாகத் தொடங்கும் தெரிவை நீக்க வேண்டும். விண்டோஸ் 10இலும் 11இலும், கணினியை நிறுத்தியபோது திறந்திருந்த மென்பொருள்களை மீண்டும் திறக்கும் வசதி தனியாக உள்ளது. தொடக்கப் பட்டியலில் இல்லாத நிரல் தானாகத் திறந்தால் அவ்வமைப்பையும் பார்க்க வேண்டும்.

பிற இயங்குதளங்கள்

மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 (2005) முதல் லாஞ்ச்டி என்ற நிரல் இப்பணியை மேற்கொள்கிறது. 2022இல் வெளியான மேக்ஓஎஸ் வென்சுரா, ஒரு மென்பொருள் தன்னைப் பின்னணித் தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டால் பயனருக்கு அறிவிப்புக் காட்டுகிறது. லினக்சின் வரைகலைச் சூழல்கள் பலவற்றில் பயனரின் ஆட்டோஸ்டார்ட் அடைவிலுள்ள உரைக்கோப்புகள் இதனைத் தீர்மானிக்கின்றன. 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி இயங்கும் லினக்சு வழங்கல்களில், சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையுடன் பிளேம் என்ற சொல்லைச் சேர்த்தால், தொடங்குவதற்கு ஒவ்வொரு சேவையும் எடுத்துக்கொண்ட நேரம் இறங்குவரிசையில் கிடைக்கும்.