பெரியப்பாவின் வால்வு செட்டு

மேலூர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி எதுவானாலும் எங்கள் பெரியப்பாவின் மைக் செட்டுதான். எல்லாம் வால்வு ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டால் வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இசைத்தட்டு சுழலும். தென்னையில் கட்டிய குழாயிலிருந்து நம்ம மதுரைக்காரர் டி.எம். சௌந்தரராஜன் பாடுவது பக்கத்து ஊருக்கும் கேட்கும்.

1970களின் கடைசியில் பெரியப்பா டிரான்சிஸ்டர் செட்டு ஒன்று வாங்கினார். தூக்க லேசு, கரண்டும் குறைவு. முதல் கல்யாணத்திலேயே வழக்கம்போல் வால்யூமை முழுசாகத் திருகினார். பாட்டு கரகரவென்று காதைக் கிழித்தது. பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். ஏமாந்துவிட்டோம் என்று அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். "வால்வுக்குக் குரல் இருக்கு தம்பி, இதுக்கு வெறும் தொண்டைதான்" என்பார்.

பின்னாளில் தொலைபேசித் துறையில் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒலியைப் பெருக்கும் வால்வை 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கினார். ஆனால் பெருக்கும்போது ஒலி சிதைந்தது. நெடுந்தூர டெலிபோன் லைன்களுக்கு அது பெரிய தலைவலி. 1927இல் பெல் நிறுவனப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், படகில் வேலைக்குப் போகும்போது செய்தித்தாளிலேயே ஒரு வழியை எழுதிவைத்தார். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிட்டால், பிழை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். 1947இல் பிரிட்டனின் வில்லியம்சன் இதே முறையில் அருமையான வால்வு ஆம்ப்ளிஃபயர் அமைத்துக் காட்டினார். அதே ஆண்டு பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டரும் பிறந்தது.

டிரான்சிஸ்டர் செட்டுகள் இந்தத் திருத்தத்தையே பெரிதும் நம்பின. எல்லைக்குள் ஓட்டினால் ஒலி சுத்தம். எல்லை தாண்டினால் அலையின் உச்சி கத்தியால் நறுக்கியதுபோல் வெட்டுப்படும், அதுதான் கரகரப்பு. இந்தத் திருத்தம் அதிகமில்லாத பழைய வால்வு செட்டில் உச்சி மெல்ல வளைந்து மழுங்கும். அதுவும் சிதைவுதான், காதுக்கு மட்டும் அது கனமான குரலாகப் படும்.

ஆக, பெரியப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. கொஞ்சம் கூடுதல் வாட்ஸ் உள்ளதாக வாங்கி, முக்கால் அளவில் நிறுத்தியிருந்தால் போதும். இதைச் சொல்ல நான் ஊருக்கு வந்தபோது அவர் இல்லை. வால்வு செட்டு மட்டும் பரணில் இருந்தது.