சார்லஸ் பொரோமியோ
இந்திய இடைத்தூர ஓட்டக்காரர், தேவகோட்டையைச் சேர்ந்தவர். டாட்டா ஸ்டீலில் பணியாற்றினார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.81 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1974, 1978 போட்டிகளில் இதே தங்கம் ஸ்ரீராம் சிங்குக்குக் கிடைத்திருந்தது. முதல் சுற்றில் வேகம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டாம் சுற்றில் தண்டிக்கும் கொடிய தூரம் 800 மீட்டர். அர்ஜுனா விருது (1982), பத்மஸ்ரீ (1984) பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் ஓடினார். ஆசியப் போட்டியில் 800 மீட்டரின் அடுத்த இந்தியத் தங்கம் 36 ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் மஞ்சித் சிங் வழியே வந்தது. இருந்தும் ஓட்டக்காரர் பி. டி. உஷா அளவுக்கு இவர் பேசப்படவில்லை. ஓட்டம் பயிலும் பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சொல்லித்தர வேண்டும்.