காத்திருப்பின் சம்பளம்: பீட்டர் தங்கராஜை முன்வைத்து இந்திய கோல்கீப்பரின் தொழில்வாழ்க்கை

முன்னுரை

இந்தியக் கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் கோல் அடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கோலைக் காத்தவர்கள் யார் கொடுத்த சம்பளத்தில் அத்தனை ஆண்டுகள் களத்தில் நின்றார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஓர் அணியில் முன்கள ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மூன்று இடங்கள் உண்டு. கோல்கீப்பருக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் இருப்பவர் காயம்பட்டாலோ ஓய்வு பெற்றாலோதான் அடுத்தவருக்கு வாய்ப்பு. அனுபவம் ஏற ஏறத்தான் அவர் ஆட்டமும் முதிரும். அதனால் மற்ற ஆட்டக்காரர்களைவிட அவருக்கு நீண்டகாலம் காத்திருக்க இடம்கொடுக்கும் ஒரு வேலை தேவைப்படுகிறது. படைமுகாம், கல்கத்தாக் கழகம், எஃகாலை ஆகிய மூன்று புரவலர்களின் நிழலில் நடந்த பீட்டர் தங்கராஜின் வாழ்க்கையை வைத்து இந்தக் கருத்தை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை. திருவள்ளூர்–கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிக்கு அது என்ன சொல்கிறது என்பதையும் இறுதியில் பார்ப்போம்.

வெறுங்காலிலிருந்து பூட்ஸுக்கு

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் 1948 ஜூலை 31 அன்று லண்டன் அருகே நடந்தது. மைசூரைச் சேர்ந்த வரதராஜ் கோல்காத்த அந்த ஆட்டத்தில் பிரான்சிடம் இந்தியா 1–2 எனத் தோற்றது. இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. இந்தியாவுக்குக் கிடைத்தது ஒன்று. அதற்குப் பிறகே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

பூட்ஸ் கட்டாயமானதில் முன்களத்தாருக்குக் கிடைத்த ஆதாயத்தைப் பலர் பேசியிருக்கிறார்கள். கோல்கீப்பருக்குக் கூடிய சுமை பேசப்படவில்லை. நனைந்த தரையில் பூட்ஸ்காலால் அடித்த பந்து வேகமாகவும் தாழ்வாகவும் வரும். அவர் காக்கவேண்டிய வாசலோ 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பந்தைப் பிடித்து நிற்கும் கோல்கீப்பரைத் தோளால் மோதித் தள்ள அன்றைய விதி இடம் கொடுத்தது. உயரமும் உடற்கட்டும் உள்ளவரை அந்த இடத்துக்குத் தேடவேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது.

வெலிங்டன் முகாம்

1935இல் ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜ், செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் கழகங்களில் ஆடத் தொடங்கினார். 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்து அணியில் முதலில் அவர் சென்டர் ஃபார்வர்டு. கோல்கம்பங்களுக்கு இடையே நிறுத்தப்பட்டது அதன் பிறகுதான்.

இந்த இடமாற்றம் நடந்த சூழல் முக்கியமானது. ஊர்க் கழகம் ஒன்றில் ஓடியாடி கோல் போடும் பையனைப் பின்னால் நிறுத்தி, புதுவேலை பழகட்டும் என்று இரண்டு மூன்று சீசன் பொறுத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. முகாமில் சாப்பாடும் சம்பளமும் ஆட்டத்தின் முடிவை நம்பியிருக்கவில்லை. அன்றாட உடற்பயிற்சி பணியின் ஒரு பகுதி. தவறு செய்து கற்கும் அவகாசம் அங்கே கிடைத்தது. பலன் சீக்கிரமே வந்தது. 1955இலும் 1958இலும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் டூரண்ட் கோப்பையை வென்றது. 1955இலேயே தங்கராஜ் இந்திய அணிக்குள் வந்துவிட்டார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பாராட்டப்பட்டார். ஆயுதப்படைகளின் சர்வீசஸ் அணி முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்ற 1960இல் அதன் தலைவரும் அவரே.

ஜகார்த்தா, 1962

1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றுத் தொடங்கியது. தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 எனத் தாண்டி, இறுதியில் மறுபடியும் தென்கொரியாவைச் சந்தித்தது. ஃப்ளூக் காய்ச்சலில் படுத்த தங்கராஜுக்குப் பதிலாக முந்தைய ஆட்டங்களில் கோல்காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம் மறுபடியும் தங்கராஜையே இறக்கினார்.

செப்டம்பர் 4. செனயன் அரங்கில் கூடிய ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். இஸ்ரேல், தைவான் அணிகளை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய நிர்வாகி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார், அந்தக் கோபம் ஆட்டக்காரர்கள் தலையில் விழுந்தது. 17ஆவது நிமிடம் பி. கே. பானர்ஜி, 20ஆவது நிமிடம் தலையில் தையலோடு முன்களத்தில் ஆடிய ஜர்னைல் சிங் என்று இரண்டு கோல் விழுந்துவிட்டன. அப்புறம் இருந்த எழுபது நிமிடமும் காக்கும் வேலைதான். தென்கொரியாவுக்கு ஒரு கோல் கிடைக்க 85ஆவது நிமிடம் ஆயிற்று. ஆட்டம் 2–1, தங்கம் இந்தியாவுக்கு.

இரண்டாவது கோல்கீப்பரின் நிலையையும் இந்தத் தொடர் காட்டித் தருகிறது. இறுதிவரை அணியைக் கொண்டுவந்த பர்மன் இறுதியன்று வெளியே உட்கார்ந்தார். அது அவர் ஆட்டத்தின் மீதான தீர்ப்பு ஆகாது. இடம் ஒன்றுதான் என்பதன் விளைவு.

கல்கத்தாவும் பொகாரோவும்

1960களில் தங்கராஜ் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். அன்று இந்தியாவில் முழுநேரத் தொழில்முறை லீக் கிடையாது. நட்சத்திர ஆட்டக்காரர்களே ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பார்த்தார்கள், பி. கே. பானர்ஜி கடைசிவரை ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே இருந்தார். 1961இல் தொடங்கிய அர்ஜுனா விருது கால்பந்தில் முதல் ஆறு முறையும் கோல்கீப்பர் அல்லாதவர்களுக்கே போயிற்று. 1967இல் அதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் தங்கராஜ்.

1971இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர் கோவாவின் வாஸ்கோ கழகத்திலும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் பயிற்சியாளராக இருந்தார். நிலையாகத் தங்கியது பொகாரோ எஃகாலையின் கால்பந்துப் பயிற்சியில். 2008 நவம்பர் 24 அன்று அந்த ஊரிலேயே காலமானார். ஒலிம்பிக் ஆடிய கோல்கீப்பரின் கற்ற வித்தையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் வேலையை ஒரு பொதுத்துறை ஆலை ஏற்றுக்கொண்டது என்பது இவ்வரலாற்றின் முக்கியச் செய்தி.

ஆலை அணிகளின் சரிவு

1996இல் தேசியக் கால்பந்து லீக் வந்தது. முதல் பட்டத்தை வென்றது பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த நூற்பாலை அணியான ஜே.சி.டி. சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அதில் ஆடியது. 2010இல் மஹிந்திரா யுனைடெட், 2011இல் ஜே.சி.டி. என்று நிறுவன அணிகள் மூடப்பட்டன. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபின் ஆட்டக்காரர் என்பவர் சில ஆண்டு ஒப்பந்தத்தில் வாழ்பவர் ஆனார். சம்பளம் உயர்ந்தது, கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளரும் வந்தார். காத்திருப்பின் விலையும் கூடவே ஏறியது. 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் கழகத்தில் சேர்ந்த குர்பிரீத் சிங் சந்துவுக்கு அங்கே லீக் ஆட்டம் கிடைத்தது 2016இல்தான். தாங்கக்கூடிய கழகம் இருந்ததால் அவர் காத்திருந்தார்.

வடசென்னை ரயில்பாதையின் இரு கிளைகள்

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் மின்ரயில் பாதையில் வியாசர்பாடி, பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி வரிசையாக வருகின்றன. வியாசர்பாடி கால்பந்துக்குப் பேர்போன பகுதி. 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., சென்னை லீக்கில் அணி வைத்து ஆடிய நிறுவனம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ‘ரயில்வேல போட்டுட்டாங்க’ என்றால் அந்த வீட்டுக்கு அது ஆயுள்கால நிம்மதி.

மற்றொரு கிளை கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. 1971இல் உருவான மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகமான சிப்காட்டின் அங்குள்ள வளாகத்தில் பெரும்பாலும் தனியார் ஆலைகள். ஒப்பந்தத் தொழிலாளரும் வடமாநிலத் தொழிலாளரும் பெருமளவில் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் மாறும், ஒப்பந்தக்காரர் மாறுவார். மாலைப் பயிற்சிக்கு அனுப்பி, போட்டிக்கு விடுப்புக் கொடுத்து, காயம் ஆறும்வரை பெயரை வருகைப் பதிவேட்டில் வைத்திருக்கும் ஏற்பாடு அத்தகைய வேலைமுறையில் எளிதில் முளைக்காது.

முடிவுரை

தங்கராஜின் திறமை அவருடையது. அத்திறமை பழுக்கக் கிடைத்த பதினெட்டு ஆண்டுகள் ராணுவமும் கழகங்களும் கொடுத்தவை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்குமேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். அதற்கான பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மைதானமும் வலையும் கையுறையும் வாங்க அந்தப் பணம் உதவும். ஆனால் பதினெட்டு வயதில் முதல் அணிக்கு வெளியே உட்காரும் கோல்கீப்பர் இருபத்தைந்து வயதுவரை ஆட்டத்தை விடாதிருக்க அவருக்குத் தேவை நிரந்தர வேலை. பயிற்சி முகாம்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு பகுதியின் கால்பந்து வளர்ச்சியை அளப்பது போதாது. அங்குள்ள ஆலைகளின் நிரந்தரப் பட்டியலில் எத்தனை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கவேண்டும்.