பெண்பள்ளியும் கிணறும்
(குரத்தியர் வாழ்வு பற்றிய ஓர் ஆய்வு)

அமெரிக்க நாட்டின் மேற்கிலுள்ள ஆரிகன் மாநிலத்தில், 1970களில், பெண்கள் பலர் நகர வாழ்வை விடுத்துக் காட்டு நிலங்களில் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் பெண்ணையே காதல் துணையாகக் கொண்டவர். ஆடவர் துணையின்றி வீடு கட்டவும், தோட்டம் பயிரிடவும், விறகும் நீரும் தாமே தேடிக்கொள்ளவும் அவர்கள் முனைந்தனர். 1975இல் தோன்றிய ஆரிகன் பெண்கள் நில அறக்கட்டளை, அடுத்த ஆண்டில் 147 ஏக்கர் நிலத்தை வாங்கிப் பெண்களுக்குப் பொதுவாக்கிற்று. முதுகலை வகுப்பில் யாம் ஒருகால் இச்செய்தியைக் குறிப்பிட்டபோது, மாணவி ஒருவர், “தமிழகத்தில் பெண்கள் தமக்கென ஓரிடம் அமைத்துக் கூடி வாழ்ந்ததுண்டா?” என வினவினார். அதற்கு அன்று யாம் தக்க விடை கூறவில்லை. அக்குறையை நிறைத்தற்கே இக்கட்டுரை எழுந்தது.

குரவரும் குரத்தியும்

விடைக்கான தொடக்கம் காஞ்சி மாநகரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலேயே உள்ளது. சமண காஞ்சி எனப் பெயர்பெற்ற இவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் இன்றும் நிலவுகின்றன. பல்லவன் சிம்மவர்மனின் 6ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் பள்ளன்கோயில் செப்பேடு, அமண்சேர்க்கை என்னும் ஊர் பருத்திக்குன்றைச் சார்ந்த வச்சிரநந்திக் குரவர்க்குப் பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டமையைக் கூறுகின்றது. எழுத்தமைதி நோக்கி அதனைப் பிற்காலத்துப் படி என்பாரும் உளர். எவ்வாறாயினும், சமண ஆசிரியரைக் ‘குரவர்’ என வழங்கிய மரபிற்கு அது சான்றாகும்.

குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. அது இடையின ரகரம் பெற்ற சொல்; வல்லின றகரமிட்டு மலைக்குறத்தியாக மயங்குதல் கூடாது. ஆசிரியை என்பதே அதன் பொருள். கழுகுமலை வட்டெழுத்துக் கல்வெட்டுக்களில் திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், பேரூர்க் குரத்தியார் எனப் பலர் காணப்படுகின்றனர். திருப்பருத்திக் குரத்திகள் என்ற பெயரும் அங்கு உண்டு. அது நம் பருத்திக்குன்றத்தையே குறிக்கும் என்ற கருத்து பெயரொற்றுமை ஒன்றையே பற்றி நிற்பது. ஆதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஏற்கத்தக்க கருத்தாக மட்டும் கொள்வோம். ஈண்டு நோக்கத்தக்கது பிறிதொன்று. மேற்கூறிய குரத்தியர் தம் ஊராலோ தம் ஆசிரியராலோ சுட்டப்படுகின்றனரேயன்றி, இன்னார் மனைவி என்று சுட்டப்படவில்லை.

விளாப்பாக்கத்துக் கிணறு

ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில், முதற் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 945ஐ ஒட்டி, ஒரு கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. திருப்பான்மலை அரிட்டநேமி அடிகளின் மாணாக்கியாராகிய பட்டினிக் குரத்தி அடிகள் அவ்வூரில் ஒரு கிணறு தோண்டுவித்தார் என்பதும், கிணற்றோடு கூடிய மனை ‘பெண்பள்ளி’ ஆக்கப்பட்டது என்பதும், ஊரை ஆண்ட இருபத்துநால்வரின் பொறுப்பில் அது விடப்பட்டது என்பதும் அதனால் அறியப்படும்.

பெண்பள்ளி என்ற சொல்லைப் போலவே கிணறும் கருதத்தக்கது. துறவியர்க்குச் சோறு இரந்து பெறுதல் அறமாகும். நீரோ நாள்தோறும் வேண்டப்படுவது. பிறர் வாயிலில் நீர்க்குக் காத்துநிற்கும் கூட்டம் தன்னுரிமையுடன் வாழ்தல் அரிது. பட்டினிக் குரத்தியார் முதலில் நீரைத் தேடிக்கொண்டார். அதன்பின் இல்லம் நிலைபெற்றது என்று யாம் கருதுகின்றோம். திருச்சாரணத்துமலையாகிய சிதறாலில், ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் அங்குள்ள படாரியார்க்குப் பொன்னணி அளித்தமையும் ஒப்புநோக்கத்தக்கது. இப்பெண்டிர் பெறுவோராக மட்டுமன்றிக் கொடுப்போராகவும் இருந்தனர்.

வேடலில் எழுந்த பூசல்

இவற்றினும் சிறந்த சான்று வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் குன்றில் கிடைக்கின்றது. முதல் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டினது (சுமார் கி.பி. 885) எனக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, விடால் ஆகிய மாதேவி அரந்திமங்கலத்தார் செய்துகொடுத்த உறுதியைத் தெரிவிக்கின்றது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர்வழி மாணாக்கியரையும் காத்துச் சோறளிப்பதே அவ்வுறுதி. பள்ளியைச் சார்ந்த ஐந்நூறு பிள்ளைகளுக்கும் நானூறு தவப்பெண்டிர்க்கும் இடையே எழுந்த பூசலே இதற்குக் காரணமாயிற்று. அவ்வைந்நூற்றுவரும் பெண்டிரே எனக் கொள்வாரும் உளர்.

எண்கள் தொகைக் குறிப்பே எனினும், கூட்டம் பெரிது என்பதில் ஐயமில்லை. இவ்வாவணம் புகழ் பாட எழுந்ததன்று. பூசல் தீர்க்க எழுந்தது. ஆதலின் இதனை நம்புதற்குத் தடை குறைவு. பெண்கள் கூடி வாழ்ந்த இல்லத்தைக் குற்றமற்ற தவச்சோலையாகவே கற்பனை செய்துவிட்டால், அங்கு வாழ்ந்தோர் மனிதர் என்பது மறந்துபோம். இடத்திற்கும் உணவிற்கும் தலைமைக்கும் போட்டியிடக்கூடிய மனிதராகவே இவர்களை இக்கல் காட்டுகின்றது. பூசல் நேர்ந்தபோது ஊரார் பள்ளியைக் கலைத்திலர். குரத்தியாரின் தலைமையை ஏற்று அவர்தம் கூட்டத்தின் உணவிற்குப் பொறுப்பேற்றனர்.

கொள்கையும் காப்பியமும்

திகம்பர நெறி, பெண் பெண்பிறப்பிலேயே வீடுபேறு எய்தாள் என்று கூறும். யாப்பனீயரோ எய்துவாள் என்பர்; கி.பி. 9ஆம் நூற்றாண்டினரான சாகடாயனர் அதனை நிறுவவே தனிநூல் இயற்றினார். தமிழகக் குரத்தியரின் பெருமைக்கு யாப்பனீயத் தொடர்பே காரணம் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதினர். அத்தொடர்பு நேரிய சான்றால் உறுதிப்படவில்லை. கொள்கை தடுத்தவிடத்தும் வாழ்க்கை வழிகண்டது எனக் கொள்ளுதலே பொருந்தும்.

காப்பியங்களிலும் இதன் நிழலைக் காணலாம். சிலம்பில் வரும் கவுந்தியடிகள் கோவலற்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகி, கண்ணகியை மாதரி என்னும் இடைக்குலப் பெண்ணிடம் அடைக்கலம் தருகின்றார். சிந்தாமணியில் அரசி விசயை பம்மையைச் சார்ந்து துறவு பூணுகின்றாள். ஆயினும், காப்பியத்திற் பெண்ணின் துறவு பெரிதும் கணவன், மகன் ஆகியோர் கதையின் முடிவாக அமைகின்றது. கல்வெட்டிலோ அது தனக்கென ஓர் ஊரும் கிணறும் உடைய வாழ்வின் தொடக்கமாக அமைகின்றது. காப்பியம் ஒன்றையே கற்போர் இவ்வேறுபாட்டை அறிய வாய்ப்பில்லை.

ஒப்பீடும் எல்லையும்

ஆரிகன் நிலத்தோரும் குரத்தியரும் ஒருதன்மையர் அல்லர். முன்னையோர் காதலைத் தம் வாழ்வின் நடுவே வைத்தனர். பின்னையோர் காமம் துறந்தோர். குரத்தியரிடையே நிலவிய அன்பின் இயல்பைக் கல்வெட்டுக் கூறாது. கூறாததை ஏற்றியுரைத்தலும், அத்தகைய அன்பு தமிழ்மண்ணிற்கு அயலானது என முடிவுகட்டுதலும் ஆராய்ச்சி நெறியாகா. ஆயினும் இரு சாராரும் எதிர்கொண்ட வினா ஒன்றே: ஆடவர் குடும்பத்திற்கு வெளியே பெண்கள் கூடி வாழ வேண்டின், நிலமும் நீரும் சோறும் யாருடையனவாதல் வேண்டும்? ஒரு சாரார் அறக்கட்டளை நிறுவினர். மற்றொரு சாரார் கிணறு தோண்டி, ஊராரிடம் உறுதி பெற்றுக் கல்லில் பொறிப்பித்தனர்.

அவ்வுறுதி அரசும் ஊரும் சமணரை ஆதரித்த காலம்வரையே நிற்கக்கூடியது. கி.பி. 11ஆம் நூற்றாண்டிற்குப் பின் குரத்தியர் பெயர்கள் அருகிவிடுகின்றன. பருத்திக்குன்றத்திலே 1387-88இல் தண்டநாயகன் இருகப்பன் மண்டபம் எடுப்பித்தபோது, அவனுக்கு அறிவுறுத்திய ஆசிரியராகக் குறிக்கப்படுபவர் புட்பசேனர் என்னும் முனிவர். குரவர் மரபு நீடித்தது. குரத்தியர் மரபு கல்வெட்டிலிருந்து மறைந்தது.

அன்று வினவிய மாணவிக்கு இன்று யாம் கூறும் விடை இதுவே: உண்டு. அவர்கள் நம்மிடம் விட்டுச்சென்றவை நூலல்ல, பாட்டல்ல. ஒரு கிணறும், ஒரு பூசலும், சில பெயர்களும். தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் கவுந்தியடிகளைக் கூறுமிடத்தே கனகவீரக் குரத்தியாரையும் கூறுதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.